ஏரிக்கரை விடுமுறை: மகிழ்ச்சியும் பொறுப்பும்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் சிடாம் கிரி வட்டாரத்து வீடுகளில் ஒரே கேள்விதான் எழும்: “இந்த முறை எங்கே போகலாம்?” பினாங்குக் கடற்கரை, சுங்கை பட்டாணியின் பேரங்காடிகள், கோலாலம்பூர், கெந்திங் மலை என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். பெற்றோர் செலவைக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் ஏரியின் பெயர் இடம்பெறுவது அரிது. ஆனால், சிடாம் கிரியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில், சீக் மாவட்டத்தில், பெரிஸ் ஏரி இருக்கிறது. அதைப் பார்க்காதவர்கள்கூட அதன் நீரைப் பயன்படுத்தியிருப்பார்கள். வறண்ட மாதங்களில் அந்த ஏரி திறந்துவிடும் நீர் மூடா ஆற்றில் கலக்கிறது. அதே ஆற்றிலிருந்துதான் குவாலா மூடா மாவட்டத்தின் குடிநீரில் பெரும்பகுதி எடுக்கப்படுகிறது.

எனவே, கெடா மாநிலத்தின் ஏரிகளைச் சுற்றுலாத் தலங்களாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான். அவை இரண்டு வேலைகளைச் செய்கின்றன. விடுமுறைக்கு வருபவர்களை மகிழ்விக்கின்றன. பல இலட்சம் மக்களின் தாகத்தைத் தீர்த்து, வயல்களையும் நனைக்கின்றன. இவ்விரண்டும் மோதாத வரையில் கவலை இல்லை. மோதும்போது எது முதலில் வரவேண்டும்? குடிநீரே முதலில் வரவேண்டும், சுற்றுலா அதற்குப் பின்னர்தான் என்பதில் ஐயம் இருக்கக்கூடாது.

முதலில், இந்த ஏரிகள் எவ்வாறு உருவாயின என்பதை அறிந்துகொள்வது நல்லது. பெடு, மூடா, ஆனிங், பெரிஸ் ஆகிய நான்கும் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. ஆறுகளின் குறுக்கே அணை கட்டி, பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கி உருவாக்கப்பட்டவை. 1966-ஆம் ஆண்டு தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் பெடு, மூடா ஆகிய இரண்டு அணைகள் கட்டப்பட்டன. மூடா அணையில் சேரும் நீர், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட 6 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுரங்கக் கால்வாய் வழியாகப் பெடு ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஆறு வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் சமவெளி வயல்களை அடைகிறது. 1970-ஆம் ஆண்டில் மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. அதுவரை மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு முறை நெல் பயிரிட்டுவந்த உழவர்கள், அதன்பின் இருமுறை பயிரிடலாயினர். கெடா ‘நெற்களஞ்சியம்’ என்று போற்றப்படுவதற்கு இந்த ஏரிகளின் பங்கு பெரிது.

பெரிஸ் அணை இவற்றுக்குப் பிந்தியது. 2004-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. மூடா ஆற்றில் நீர் குறையும் காலத்தில், தேக்கி வைத்த நீரைத் திறந்துவிட்டு ஆற்றின் ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பதே அதன் முதன்மைப் பணி. இதனால் பயனடைவது கெடா மட்டுமன்று. பினாங்கு மாநிலம் தனக்கு வேண்டிய நீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை மூடா ஆற்றிலிருந்துதான் பெறுகிறது. சீக் மாவட்டத்தில் ஒருவர் ஏரியில் எறியும் பொருளுக்கும், பட்டர்வொர்த்தில் ஒருவர் குடிக்கும் நீருக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை இந்த எண் உணர்த்துகிறது.

இத்தகைய ஏரிகளில் விடுமுறையைக் கழிக்க என்னென்ன வழிகள் உள்ளன? பெரிஸ் ஏரிக்கரையில் பச்சைக் குன்றுகள் சூழ்ந்த நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே காலை நடை போகலாம். கயாக் படகில் துடுப்புப் போடலாம். தூண்டில் போடுவோருக்குத் தோமான், செபாராவ் போன்ற நன்னீர் மீன்கள் காத்திருக்கின்றன. வெப்ப நாட்டிலும் திராட்சை விளையும் என்று காட்டிய தோட்டம் ஒன்றினாலும் அந்த ஏரிக்கரை பெயர் பெற்றது. மூடா ஏரியின் கதை வேறு. குபிர் படகுத்துறையிலிருந்து படகில் ஏறினால், உலு மூடா காட்டின் உள்ளே செல்லலாம். இருவாட்சிப் பறவைகள் பெரும் சிறகோசையுடன் தலைக்கு மேலே பறந்து செல்லும். யானைகளும் மான்களும் உப்புச் சத்து தேடி வரும் ஊற்றுகள் அந்தக் காட்டில் உள்ளன. ஏரியோடு கடலையும் காண விரும்புவோர் லங்காவியில் உள்ள டாயாங் புந்திங் ஏரிக்குப் போகலாம். கடலுக்கு மிக அருகிலேயே நன்னீர் தேங்கி நிற்கும் அந்த ஏரி இயற்கையாக அமைந்தது. 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற லங்காவி புவிப்பூங்காவின் ஒரு பகுதி அது.

இவை அனைத்தும் நல்ல பொழுதுபோக்குகள். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த மூத்த தலைமுறையினர் ஓடைகளிலும் கால்வாய்களிலும் நீந்திப் பழகினர், மீன் பிடித்தனர், எந்த மாதத்தில் நீர் வற்றும், எந்த மாதத்தில் பெருகும் என்று அறிந்திருந்தனர். இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல குடும்பங்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் குழாயும் போத்தலும்தான். ஆகவே, விடுமுறையில் ஓர் ஏரியைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிய அறிவைத் தரும். பேரங்காடியில் கிடைக்காத அறிவு அது.

ஆனால், மகிழ்ச்சி தரும் இடத்துக்கு மக்கள் திரளும்போது சிக்கலும் உடன் வருகிறது. இதற்குத் தமிழ்நாட்டின் உதகமண்டலம் ஒரு பாடம். 1820-களில், கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் அங்கு ஓர் ஏரியை உருவாக்கினார். கோடை வெயிலிலிருந்து தப்பிக்க வந்தவர்களுக்கு அந்த ஏரி பெரும் ஈர்ப்பாக அமைந்தது. நாளடைவில் ஏரியின் ஒரு பகுதி மேடாக்கப்பட்டு, அங்குப் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன. நகரம் வளர்ந்தது, நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியாக ஏரியில் வந்து கலந்தது. இன்றும் அங்கே படகுச் சவாரி நடக்கிறது. நிழற்படத்தில் ஏரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த நீரை அள்ளிக் குடிக்க யாரும் துணியமாட்டார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலையும் பின்னர் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் மின்னணு அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த விதி அது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைத் தாமதமாக உணர்ந்ததன் விளைவு என்றே அதைக் கருதலாம்.

கெடாவின் ஏரிகளுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. அதனால்தான், இப்போதே விதிகளை வகுத்துக்கொள்வது எளிது. கட்டடங்கள் எழுந்த பிறகு அவற்றை அகற்றுவது கடினம். பெடு ஏரிக்கரையே இதற்குச் சான்று. 1990-களில் அங்குப் பெரிய உல்லாச விடுதிகள் திறக்கப்பட்டன. பின்னர் அவை மூடப்பட்டு, புதர் மண்டிப் பாழடைந்தன. பெரிய விடுதி மூடப்பட்டால், அங்கு வேலை பார்த்தவர்களும் காய்கறி விற்றவர்களும் ஒரே நாளில் வருமானத்தை இழக்கிறார்கள். கான்கிரீட் மட்டும் கரையில் நின்றுவிடுகிறது. இடத்துக்குப் பொருந்தாத அளவில் கட்டினால், இயற்கைக்கும் நன்மை இல்லை; ஊர் மக்களுக்கும் நிலையான நன்மை இல்லை.

இந்த இடத்தில் சிலர் எதிர்வாதம் எழுப்பலாம். “ஏரி நீர் நேராக வீட்டுக்கு வருவதில்லையே! சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி, கிருமி நீக்கித்தானே அனுப்புகிறார்கள்? பிறகு ஏன் இவ்வளவு கவலை?” என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எனினும், சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சேறும் அழுக்கும் கூடக்கூட, அவற்றை நீக்கத் தேவைப்படும் இரசாயனமும் செலவும் கூடுகின்றன. படகு எஞ்சின்களிலிருந்து கசியும் எண்ணெய், சேற்றைப் போல எளிதில் அடியில் படிந்துவிடாது. கரையோரக் காடுகளை அழித்துச் சாலையும் விடுதியும் அமைத்தால், மழைக்காலத்தில் மண் கரைந்து ஏரியில் சேரும். அந்த மண் ஆண்டுதோறும் அடியில் படியும்போது ஏரியின் ஆழம் குறைகிறது. அது தேக்கும் நீரின் அளவும் குறைகிறது. இந்த இழப்பை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தாலும் ஈடுகட்ட முடியாது.

மற்றொரு வாதம் இதைவிட வலுவானது. ஏரியைச் சுற்றி வாழும் கிராமத்தாருக்கு வருமானம் வேண்டும். படகோட்டிகள், மீனவர்கள், சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர்கள் ஆகியோர் சுற்றுப்பயணிகளை நம்பி வாழ்கிறார்கள். “ஏரியைத் தொடாதீர்கள்” என்று நகரத்தில் இருந்துகொண்டு அறிவுரை கூறுவது எளிது. அதனால் அவர்களின் அடுப்பு எரியாது. அந்த ஏரியின் நீரைப் பயன்படுத்தும் நகர மக்களே அவ்வாறு சொன்னால், அது அநீதியாகவும் இருக்கும். ஆகவே, ஏரிகளைப் பூட்டி வைப்பது தீர்வாகாது. உள்ளூர் மக்களின் கையில் வருமானம் சேரும்படியும், நீர் கெடாதபடியும் சுற்றுலாவை நடத்துவதே தீர்வு.

அதற்குச் சில தெளிவான நடவடிக்கைகள் தேவை. முதலாவதாக, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி இல்லாமல் எந்த விடுதிக்கும் கரையில் அனுமதி வழங்கக்கூடாது. அறைகளைக் கட்டிவிட்டுக் கழிவறையைப் பற்றிப் பிறகு யோசிக்கும் பழக்கம் மாறவேண்டும். இரண்டாவதாக, ஒரு நாளில் இயங்கும் எஞ்சின் படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். துடுப்புப் படகு, கயாக், மின்கலத்தால் இயங்கும் படகு ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரலாம். மூன்றாவதாக, வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரையே முதலில் அமர்த்தவேண்டும். ஏரியின் ஆழமும் காற்றின் போக்கும் அவர்களுக்குத்தான் தெரியும். ஏரி கெட்டால் தங்கள் பிழைப்பும் கெடும் என்பதால், அவர்களே சிறந்த காவலர்களாகவும் இருப்பார்கள்.

நான்காவது நடவடிக்கைக்குச் செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும். ஏரியில் இன்று எத்தனை விழுக்காடு நீர் உள்ளது, கடந்த மாதம் எவ்வளவு இருந்தது, இந்த நீர் எந்தெந்த ஊர்களுக்குச் செல்கிறது என்பவற்றை அதில் எழுதிவைக்கவேண்டும். மலேசியாவில் நான்கு பருவங்கள் இல்லை. இருப்பினும், ஆண்டின் தொடக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வடமாநிலங்களில் மழை குறைந்து வெயில் கொளுத்தும். கெடா மக்களுக்கு அதுவே கோடை. 2016-ஆம் ஆண்டு எல் நீனோவின் தாக்கத்தால் வெப்பம் கடுமையானபோது, அண்டை மாநிலமான பெர்லிசில் பள்ளிகளை மூடவேண்டிய நிலைகூட ஏற்பட்டது. அத்தகைய நாள்களில் நீர் விளையாட்டை மக்கள் அதிகம் நாடுவார்கள். ஏரியில் நீர் குறைவாக இருப்பதும் அந்த நாள்களில்தான். பலகையில் உள்ள எண் இறங்கிக்கொண்டே வருவதைக் கண்ணால் காணும் பயணி, வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகத் தயங்குவார்.

பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. அணைக்கட்டு ஏரியின் அடிப்பகுதி நீச்சல் குளத்தைப் போல் சமமானதன்று. ஒரு காலத்தில் பள்ளத்தாக்காக இருந்த இடம் அது. கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் திடீரென்று கூடலாம். நீரில் மூழ்கிய மரங்களின் கிளைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் படகில் உயிர்காப்பு அங்கி அணியவேண்டும். பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் மாணவர்கள் நீரில் இறங்கக்கூடாது. அங்கியைக் கொடுக்காத படகில் ஏறமாட்டேன் என்று சொல்வது கோழைத்தனம் ஆகாது. அது பயணியின் உரிமை.

இவற்றில் பள்ளிகளுக்கும் பங்கு இருக்கிறது. குவாலா மூடா வட்டாரத்துப் பள்ளிகள் பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதுண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பிடும் நாட்டின் தொன்மையை மாணவர்கள் அங்கே கண்ணால் காண்கிறார்கள். அந்தப் பயணம் தொடரவேண்டும். அதனுடன் இன்னொரு பயணத்தையும் சேர்க்கலாம். அதற்கு ‘ஏரி முதல் குழாய் வரை’ என்று பெயரிடலாம். காலையில் பெரிஸ் ஏரியில் அணையையும் நீர்மட்டத்தையும் பார்ப்பது. நண்பகலில் ஜெனியாங் போன்ற ஓர் ஊரில் மூடா ஆற்றின் கரையில் நின்று, நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் குறித்துக்கொள்வது. பிற்பகலில் முன் அனுமதி பெற்றுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குச் செல்வது. மாலையில் வீடு திரும்பிக் குழாயைத் திறப்பது. ஒரே நாளில் நீரின் முழுப் பயணத்தையும் மாணவர்கள் பின்தொடர்ந்துவிடுவார்கள். புவியியல், அறிவியல், தமிழ் ஆகிய மூன்று பாடங்களுக்கும் அதில் வேலை உண்டு. கண்டவற்றைத் தமிழில் அறிக்கையாக எழுதினால், மொழியும் வளரும்.

குடும்பங்களாலும் சிலவற்றைச் செய்யமுடியும். ஏரிக்குச் செல்லும்போது நெகிழிப் பைகளுக்கும் போத்தல்களுக்கும் பதிலாக உணவுக் கலங்களையும் தண்ணீர்க் குவளைகளையும் எடுத்துச் செல்லலாம். கொண்டுபோன குப்பையை அங்கேயே விடாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் வீசாமல் சுருட்டி எடுத்துவரலாம். பறவைகளின் கால்களில் சிக்கி அவற்றை முடமாக்கும் பொருள் அது. மதிய உணவை உள்ளூர்க் கடையில் வாங்கலாம். அதனால் ஒரு கிராமத்துக் குடும்பம் பயனடையும். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், கூட்டம் மிகுந்த அந்த நாள்களைத் தவிர்த்துப் பள்ளி விடுமுறையின் மற்ற நாள்களில் செல்வதும் நல்லது.

நீரின் அருமையைத் தமிழர் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாகவே மழையின் சிறப்பைப் பாடிவைத்தார். ஏரி, குளம், கண்மாய், ஊருணி என்று நீர்நிலைகளுக்குப் பல பெயர்கள் தமிழில் உள்ளன. குடிப்பதற்கான நீர்நிலையை ஊருணி என்று தனியே பெயரிட்டு, அதில் குளிக்காமலும் துவைக்காமலும் ஊரார் காத்தனர். எது விளையாடும் நீர், எது குடிக்கும் நீர் என்ற வேறுபாட்டை ஒரு சொல்லிலேயே அவர்கள் வைத்திருந்தார்கள். அந்த வழக்கப்படி பார்த்தால், பெரிஸ் ஏரி சுங்கை பட்டாணிக்கும் சிடாம் கிரிக்கும் பினாங்குக்கும் பொதுவான ஊருணி.

ஊருணிக்கு வருவதை யாரும் தடுக்கவில்லை. ஊரார் அனைவரும் அங்கே வந்தார்கள். கரையில் அமர்ந்து பேசினார்கள். நீரை மட்டும் கெடுக்கவில்லை. அடுத்த விடுமுறையில் ஏரிக்கரைக்குச் செல்லும் மாணவர்களும் அவ்வாறே நடந்துகொண்டால் போதும். அவர்கள் துடுப்புப் போட்ட அதே நீர், சில நாள்கள் கழித்து யாரோ ஒருவருடைய வீட்டில் குவளையை நிரப்பும். அந்த வீடு அவர்களுடையதாகவும் இருக்கலாம்.